கோட்டில் விழுந்த படி

அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் அளவை அறைக்குள் நுழைய வேண்டுமானால், முதலில் உடம்பிலிருக்கும் இரும்பையெல்லாம் கழற்ற வேண்டும். சாவிக்கொத்து, பெல்ட், தலையில் குத்திய ஊசி எல்லாம் கதவுக்கு வெளியே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போய் விழ வேண்டும். கதவருகே நின்று, வருகிறவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்து பார்த்து, "அந்தப் பேனாவையும் வச்சிட்டு வாங்க" என்று சொல்லும் மனிதருக்குப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் காந்தம், சின்னவர்களுக்குக் காந்தண்ணா.

தொழிற்பயிற்சியோடு படிப்பை முடித்துக்கொண்டவர். இளவயதில் அங்கே மின்விசிறி மாட்ட வந்தபோது, புதிதாக வந்திறங்கிய கருவியைத் தூக்க ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பிடித்தார். பிடித்தவர் அதன் பிறகு விடவேயில்லை. இரண்டு பெரிய காந்த முனைகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் ஒரு மெல்லிய கோல் தொங்கும். அளக்க வேண்டிய பொருளைச் சிறு துண்டாக வெட்டி அந்தக் கோலின் நுனியில் ஒட்டிவிட்டால், கோல் மேலும் கீழுமாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பக்கத்திலிருக்கும் கம்பிச் சுருள்கள் உணர்ந்து, பொருளுக்குள் எவ்வளவு காந்தம், எந்தத் திசையில் என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். நடுங்குகிற கருவியை நடுங்காத கையால் ஓட்டுகிறவர் என்று ஒரு விழாவில் யாரோ மேடையில் சொல்லப்போக, காந்தம் அன்றைக்குத் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனார்.

அவர் பெல்ட் போட்டதில்லை, நாடா வைத்த கால்சட்டைதான். கல்யாண மோதிரத்தைக்கூட வேலைக்குப் போகும்போது சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். விடுமுறை நாளில் கூடத்திலிருந்து போன் வந்தால், மனைவி அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "மூத்தவ கூப்பிடுறா, போங்க. இளையவ நான் காத்திருக்கேன்" என்பாள். கருவியை மூத்த தாரமாக்கிய அந்தக் கேலியில் காந்தத்துக்கு உள்ளூரப் பெருமைதான்.

இப்படிக் கைசுத்தத்துக்குப் பேர் வாங்கிய மனிதரின் கதையில் ஒரு சவரப் பிளேடு எப்படி வந்து புகுந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

மூன்றாம் மாடியில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிக்கல் உருளைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். உருளை என்றால் கண்ணுக்குத் தெரிகிற உருளை இல்லை. ஒரு தலைமுடியின் குறுக்கே பல நூறை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடிசு. நுண்ணிய துளைகள் நிறைந்த வெள்ளைத் தகடு ஒன்றை எடுத்து, துளைக்குள் துளையாக நிக்கலை நிரப்பி வளர்ப்பாள். நகத்தளவு தகட்டில் கோடிக்கணக்கான உருளைகள் விறைத்து நிற்கும். அவளையே எல்லோரும் உருளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "கிழங்கைச் சேர்க்காம கூப்பிடுற வரைக்கும் எனக்குச் சம்மதம்" என்றாள் அவள்.

முதல் நாள் அவள் தகட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது காந்தம் கேட்டார்: "இதுல அப்படி என்னம்மா இருக்கு?"

"ஒவ்வொரு உருளையும் ஒரு காந்தம் அண்ணா. ஒல்லியா நீளமா இருக்கிறதால அதோட வட முனை மேல இருக்கும், இல்ல கீழ இருக்கும். படுக்கவே படுக்காது. தனியா ஒண்ணே ஒண்ணு நின்னா பிரச்சினையில்ல. பக்கத்துல பக்கத்துல நெருக்கி நிறுத்தினா, ஒண்ணு இன்னொண்ணைத் தலைகீழாத் திரும்பு, திரும்புன்னு நச்சரிக்கும்."

"எல்லாம் ஒரே பக்கம் தலைவச்சா இடிக்கும், அதானே? நாங்க அண்ணன் தம்பிங்க ஒரே படுக்கையில அப்படித்தான் படுப்போம். ஒருத்தன் தலைக்குப் பக்கத்துல அடுத்தவன் கால்."

அவள் சிரித்தாள். "அதேதாண்ணா. இதை என் பேராசிரியர் அரை மணி நேரம் சொன்னார்."

வெளியிலிருந்து பலமான காந்தப் புலம் கொடுத்தால் எல்லா உருளைகளும் ஒரே பக்கம் தலைவைத்து நிற்கும். புலத்தைக் குறைத்து எதிர்ப்பக்கம் திருப்பும்போது, அண்டை அயலின் நச்சரிப்பைப் பொறுத்து ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று திரும்பும். அதனால் திரையில் கோடு வழவழவென்று சரிந்து இறங்கும். இது ஊரறிந்த விஷயம். அவளுடைய ஆசை வேறு. குறிப்பிட்ட ஒரு நெருக்கத்தில் நிறுத்தினால், உருளைகள் தனித்தனியாக இல்லாமல் கூட்டங்கூட்டமாகத் திரும்பும் என்பது அவள் நம்பிக்கை. அப்படித் திரும்பினால் கோட்டில் படி விழும். இரண்டு வருஷமாக அந்தப் படிக்காகத் தவம் கிடந்தாள். கோடு சறுக்குமரம் போலச் சரிந்துகொண்டேதான் இருந்தது.

காந்தத்தின் கை முதலில் நடுங்கியது வீட்டில், கண்ணாடி முன்னால், சவரம் செய்யும்போது. தாடையில் இரண்டு இடத்தில் கீறி ரத்தம் வந்தது.

"பிளேடு சரியில்ல" என்றார்.

"பிளேடு மேல பழியைப் போடாதீங்க" என்றாள் மனைவி. "ஒரு டாக்டரைப் பாத்துட்டு வருவோம்."

"ஒரு கீறலுக்கு டாக்டரா? வேற வேலையில்ல உனக்கு."

புது பிளேடு பாக்கெட் வாங்கினார். அதிலும் கீறியது. பிறகு தெருமுனைச் சலூனுக்குப் போகத் தொடங்கினார். மிச்சமிருந்த பாக்கெட் அவருடைய பைக்குள்ளேயே கிடந்தது.

அளவை அறையில் துண்டு வெட்டுவதற்கென்றே ஒரு பீங்கான் கத்தரி உண்டு. இரும்புக் கத்தி பட்டால் அதன் துகள் ஒட்டிக்கொண்டு அளவையே கெடுத்துவிடும் என்பதற்காக வாங்கியது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் காந்தம் அதைத் தூக்கிக் காட்டி ஒரு பிரசங்கம் செய்யாமல் விட்டதில்லை. அந்தக் கத்தரி ஒருநாள் காலையில் அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, நுனி உடைந்து இரண்டு துண்டாகிப்போனது. அறையில் வேறு யாருமில்லை. சாமான் அறைக்குப் போய் "கத்தரி உடைஞ்சிடுச்சு, வேற கொடுங்க" என்று சொன்னால் ஒரு வாரத்தில் வந்துவிடும். அங்கிருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார், எப்படி உடைந்தது என்று. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் காந்தம் போகவில்லை.

அன்று மத்தியானம் உருளையின் புதுத் தகடு மேஜையில் காத்திருந்தது. அவள் கீழே வருவதற்குள் கோலின் நுனிக்குத் தகுந்தபடி ஓரத்தை நறுக்க வேண்டும். காந்தம் வெளியே தட்டருகே வைத்திருந்த தன் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து வந்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகத் துடைத்தார். சும்மா ஓரத்தில் ஒரு கீறல்தானே, அதற்குள் என்ன ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். அந்த வெள்ளைத் தகடு எஃகையே தேய்த்துத் தின்கிற கடினம் கொண்டது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. வெட்கம் வந்துவிட்டால் மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

அன்றைக்குக் கோட்டில் படி விழுந்தது. புலம் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போன கையோடு, கோடு சட்டென்று ஒரு எட்டு இறங்கி, பிறகு வழக்கம்போல் சரிந்தது.

உருளை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணா, இன்னொரு தடவை ஓட்டுங்க."

ஓட்டினார். மறுபடியும் படி. அடுத்த தகடு, அதற்கடுத்த தகடு என்று எல்லாவற்றிலும் படி விழுந்தது. விழாமல் எங்கே போகும், எல்லாம் அதே பிளேடு நறுக்கியது. திரும்பத் திரும்ப வருவதால் அவளுக்கு அது உண்மையாகிப்போனது. அந்த வாரம் மூன்று மாடிக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். காந்தத்திடம் வந்து, "உங்க கை ராசிண்ணா" என்றாள். அவர் இனிப்பைக் கடிக்காமலே மேஜையோரத்தில் வைத்தார்.

கட்டுரை எழுதினாள். முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் காந்தத்தின் நிஜப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டாள். அது அச்சில் வந்ததும், வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றில் வந்து பேசும்படி அவளை அழைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அண்ணா, பீங்கான் கத்தரியாலதானே வெட்டுறீங்க?"

"பின்ன வேற எதால?" என்றார் காந்தம்.

கொஞ்சம் கோபத்தோடுகூடச் சொன்னார். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்துவிட்டார். என்னவென்று மனைவி கேட்டதற்கு, அந்தக் கூடத்து டீக்காரம்மாவைப் பற்றி ஒரு பாட்டம் குறைசொன்னார். "எல்லாருக்கும் முழு கிளாஸ் ஊத்துறா, எனக்கு மட்டும் எப்பவும் அரை. அப்படி என்ன கஞ்சத்தனமோ." அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

உருளை பேசப்போக வேண்டிய கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் வேறொரு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து தகவல் வந்தது. சரிபார்க்கச் சொல்லி பேராசிரியர் அவர்களுக்கு முழுத் தகடு ஒன்றை அனுப்பியிருந்தார். அவர்கள் தாங்களே வெட்டி, தாங்களே அளந்து பார்த்திருக்கிறார்கள். கோடு வழவழவென்று சரிகிறது. படி கிடையாது.

பேராசிரியர் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். இளைய மாணவர்களும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். காந்தம் கடைசி நாற்காலியில், கைகளை மேஜைக்கு அடியில் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேராசிரியர் இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டார்.

"இந்தப் படி நிக்கல் உருளையிலிருந்து வரல" என்றார். "ஏதோ இரும்பு ஒட்டியிருக்கு. நாம ஒரு வருஷமா இரும்புத்தூளுக்கு விளக்கம் எழுதிட்டு இருந்திருக்கோம். நிக்கல் நிரப்பாத வெறும் தகடை வெட்டி அளந்தியாம்மா?"

"அளந்தேன் சார். ஆரம்பத்துல."

"படி வந்த பிறகு?"

"இல்ல சார்."

"எதால வெட்டினீங்க? யார் வெட்டினது?"

உருளை திரும்பிக் கடைசி நாற்காலியைப் பார்த்தாள். ஒரு கணம்தான். காந்தம் வாயைத் திறந்தார். ஒரே ஒரு சொல் போதும். இத்தனை வருஷம் அந்த அறைக்குள் எவன் ஊசியோடு வந்தான், எவன் சாவியோடு வந்தான் என்று அதட்டிய குரல், அந்த ஒரு சொல்லுக்கு வெளியே வரவில்லை.

"நான்தான் சார் வெட்டினேன்" என்றாள் உருளை. "கத்தரியான்னு சரியா ஞாபகமில்ல."

"ஞாபகமில்லையா? இந்தப் பதிலை முதல் வருஷப் பையன் சொன்னா நான் வெளிய அனுப்புவேன். நீ பட்டம் வாங்கப் போறவ. கூட்டத்துக்கு வரலைன்னு இன்னைக்கே சொல்லிடு. கட்டுரையைத் திரும்ப வாங்கணும். அதுல என் பேரும் இருக்கு, தெரியுமில்ல?" பேராசிரியர் கெட்டவரில்லை, நாக்குதான் கொஞ்சம் நீளம். சுவரோரம் உட்கார்ந்திருந்த சின்னவர்கள் தரையைப் பார்த்தார்கள். "போங்க, டீ குடிச்சிட்டு வாங்க. மிச்சத்தைப் பேசுவோம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. காந்தம் மட்டும் எழுந்து வெளியே போனார். பிளேடை எடுத்ததற்குக்கூட அவரால் ஒரு சாக்கு சொல்லிக்கொள்ள முடியும். தன் மகள் வயதுப் பெண் தனக்காகத் திட்டு வாங்கும்போது நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு என்ன சாக்கு சொல்வது? நடைபாதையில் இருந்த கண்ணாடி ஜன்னலில் தன் முகம் தெரிந்ததும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

நடைபாதைக் கோடியில் டீக்காரம்மா அவரைப் பார்த்ததும் கிளாஸை எடுத்து, வழக்கம்போல் பாதி ஊற்றி நீட்டினாள். எவர் மேலேயோ காட்ட வேண்டிய கோபம் அவள் மேல் பாய்ந்தது.

"ஏம்மா, நானும் ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன். எனக்கு மட்டும் என்ன அரை கிளாஸ்? நான் மட்டும் அரை ஆளா?"

அவள் திகைத்துப்போய்க் கெண்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ அண்ணா, கஞ்சத்தனம்னு நினைச்சீங்களா? நிறைய ஊத்தினா உங்க கையில சிந்துது. ஒருநாள் சுட்டுக்கிட்டு, யாருக்கும் தெரியாம பைப்புல கையைக் காட்டிட்டு நின்னீங்க. உருளைப் பொண்ணு பாத்துட்டு வந்து சொல்லுச்சு. அண்ணனுக்கு அரை ஊத்துங்க, வேணும்னா ரெண்டு தடவை கொடுங்க, அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கன்னு."

"எப்ப?"

"போன வருஷமே."

காந்தம் சுற்றுமுற்றும் பார்த்தார். இவளுக்குத் தெரியும். உருளைக்குத் தெரியும். அப்படியென்றால் கையெழுத்து வாங்க வரும் குமாஸ்தா நோட்டை ஏன் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்? அவர் ஏறும்போது சின்னவர்கள் ஏன் மாடிப்படியின் கைப்பிடிப் பக்கத்தை விட்டு ஒதுங்குகிறார்கள்? அவர் கட்டிக் காத்த ரகசியத்தைக் கூடமே சேர்ந்து கட்டிக் காத்திருக்கிறது. அவர் மட்டும்தான் அது ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கையிலிருந்த கிளாஸை அவள் முன் நீட்டினார். "முழுசா ஊத்து."

"வேணாம்ணா, கொதிக்குது."

"ஊத்தும்மா."

விளிம்பு வரை ஊற்றினாள். காந்தம் அதைத் தூக்கிக்கொண்டு கூட்ட அறைக்கு நடந்தார். முதல் எட்டிலேயே சிந்தியது. பிறகு சிந்திக்கொண்டே இருந்தது. விரலெல்லாம் எரிந்தது, சட்டைக் கையில் வழிந்தது, வெள்ளைத் தரையில் அவர் போன வழியெல்லாம் சொட்டுகள் விழுந்தன. கதவைத் தோளால் தள்ளித் திறந்து, எல்லோரும் பார்க்க மேஜை வரை போய், பேராசிரியரின் முன்னால் கிளாஸை வைத்தார். வைக்கும்போதும் கிளாஸ் மேஜையில் தடதடவென்று அடித்தது. உள்ளே பாதிகூட இல்லை.

"சார், வெட்டினது நான். கத்தரி என் கையிலிருந்து விழுந்து உடைஞ்சுபோச்சு. கை இப்படி இருக்கிறதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சவரப் பிளேடால வெட்டினேன். இந்தப் பொண்ணு கேட்டப்ப கத்தரின்னு பொய் சொன்னேன். இப்ப நீங்க திட்டுறப்பவும் வாயை மூடிட்டு உட்காந்திருந்தேன்."

பேராசிரியர் காகிதங்களை டீயிலிருந்து நகர்த்தினார். எதையோ சொல்ல வந்தவர், மேஜையில் துடித்துக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

உருளை தலையைக் குனிந்தபடி பேசினாள். "அண்ணா மேல மட்டும் போட வேண்டாம் சார். அவர் கை நடுங்குறது எனக்குத் தெரியும். வெட்டின ஓரம் முன்ன மாதிரி இல்லைங்கிறதும் தெரியும். வெறும் தகடை ஒரு தடவை அளந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அளந்தா படி போயிடுமோன்னு பயந்தேன். அதான் அவர் சொன்னதை அப்படியே நம்பிக்கிட்டேன். நம்புறது சுலபமா இருந்துச்சு."

அவள் அழவில்லை. காந்தத்துக்குத்தான் கண் கலங்கியது. தண்டனைக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. பஞ்சில் சுற்றி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேடை அவரே எடுத்து வந்தார். நிக்கல் நிரப்பாத வெறும் தகடு ஒன்றை அதனால் நறுக்கி, கோலில் ஒட்டி, எல்லோரும் முதுகுக்குப் பின்னால் நிற்க, கருவியை அவரே ஓட்டினார். உருளை ஒன்றுகூட இல்லாத தகட்டில் அந்தப் படி தனியாக, அழகாக வந்து நின்றது. அவர் திரையை அணைத்தார்.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் சொன்னார். "தாடையைப் பாத்தாலே எனக்குத் தெரியாதா?" என்றவள், மறுநாளே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்தார்கள். நடுக்கம் குறையுமே தவிர போகாது என்றார்கள். உருளையின் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்ட விவரம் அவள் பெயரோடுதான் வெளியே வந்தது, காந்தம் எவ்வளவோ கெஞ்சியும் அவர் பெயரை அவள் சேர்க்கவில்லை. புதுக் கத்தரி வந்தது. இப்போது அவள் வெட்டுகிறாள், அவர் கருவியை ஓட்டுகிறார். உருளைகள் ஒன்றையொன்று நச்சரித்துக்கொண்டு முந்தியும் பிந்தியும் திரும்புகின்றன. கோடு படியில்லாமல் வழவழவென்று சரிந்து இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அது பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் காந்தம் திரையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பார்.

பிளேடு விஷயத்தை ஒப்புக்கொண்ட அந்த வாரத்தில் அவர் டீ குடிக்கப் போகவேயில்லை. அடுத்த வாரம் போய் வரிசையில் நின்றார். முன்னால் சாமான் அறைக்காரர், பின்னால் பேராசிரியர், சுற்றிலும் சின்னவர்கள். முறை வந்ததும் டீக்காரம்மா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல், அவர் முகத்தைப் பார்த்தாள்.

காந்தம் எல்லோர் காதிலும் விழும்படி, "அரை போதும்மா" என்றார்.